அட்ஜஸ்ட் பண்ணாத ஆள்காட்டி

கரட்டுக் குளத்தில் செம்மூக்கி என்று ஓர் ஆள்காட்டிப் பறவை இருந்தாள். அவள் கூப்பிடாமல் அந்தக் குளத்தில் யாரும் தண்ணீரில் வாய் வைக்க மாட்டார்கள்.

விடிந்ததும் செம்மூக்கி குளத்தை ஒரு சுற்றுப் பறந்து பார்ப்பாள். புதரில் சிறுத்தை படுத்திருந்தால் காடே அதிரக் கத்துவாள். இல்லையென்றால், "வாங்க, வாங்க" என்று மெல்லக் குரல் கொடுப்பாள். அதற்கப்புறம்தான் மானும் பன்றியும் முயலும் கரைமேல் இருந்த நாவல் மரத்தடியை விட்டுக் கீழே இறங்கும். எத்தனையோ வருசமாக அதுதான் அங்கே வழக்கம்.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த காட்டுக்குள் ஒரு வார்த்தை வந்து சேர்ந்தது. கொண்டுவந்தவன் தொத்தன் என்ற குரங்கு. வேறு யார் கொண்டுவருவார்கள்?

தொத்தன் மலைப்பாதையில் ஒரு பஸ்ஸின் கூரைமேல் ஏறி டவுன் வரைக்கும் போய், சாயங்கால பஸ்ஸில் திரும்பி வந்திருந்தான். வந்ததும் எல்லாரையும் நாவல் மரத்தடியில் கூட்டிவைத்து அளக்க ஆரம்பித்தான்.

"மனுசங்ககிட்ட ஒரு இங்கிலீஷ் வார்த்தை இருக்கு. அட்ஜஸ்ட். அதை வச்சுதான் அவங்க பொழைப்பே ஓடுது."

"அதுக்கு என்ன அர்த்தம்?" என்றது முயல்.

"உனக்கு எந்த அர்த்தம் வேணும்? மூணு பேர் சீட்டுல நாலாவது ஆள் வந்து சொன்னா, 'தள்ளிக்கோ'. ஜன்னல்ல மழை ஒழுகுதுன்னு கேட்டா, 'நனைஞ்சுக்கோ'. டீ ஆறிப்போச்சுன்னு சொன்னா, 'பேசாம குடி'. புதுசாக் கல்யாணமான பொண்ணு ஒண்ணு பஸ்ஸுல அழுதுச்சு. பெத்த அம்மாவே அதுகிட்ட, அட்ஜஸ்ட் பண்ணிக்கோடின்னு சொன்னா. அங்கே அதுக்கு 'வாயை மூடு'ன்னு அர்த்தம்."

"இத்தனையும் ஒரே வார்த்தையா?"

"ஒரே வார்த்தைதான். ஆனா முன்னால 'கொஞ்சம்'னு சேத்துக்கணும். சிரிச்ச முகமாச் சொல்லணும். அப்பத்தான் வேலை செய்யும்."

காட்டுக்கு அந்த வார்த்தை ரொம்பப் பிடித்துப் போயிற்று. அணில் சேர்த்துவைத்த கொட்டையைக் காகம் தின்றுவிட்டு, "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ" என்றது. முயலின் வளைக்குள் கீரி புகுந்து படுத்துக்கொண்டு அதையே சொன்னது. கோபப்பட யாருக்கும் வழியில்லை. கோபப்பட்டால் இங்கிதம் தெரியாதவர் என்று பேர் வந்துவிடும்.

செம்மூக்கியும் முதலில் இந்த வார்த்தைக்கு மடங்கியவள்தான். முட்டையிடப் புல்கரையில் இடம் பார்த்து வைத்திருந்தாள். மயில் வந்து, ஆடுவதற்கு இடம் போதவில்லை, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ என்றது. மணல்திட்டுக்குப் போனாள். ஆமை வந்து அதையே சொன்னது. கடைசியில் சேற்றோரத்தில் ஒரு கூழாங்கல் மேடு கிடைத்தது. ஒவ்வொரு தடவையும் எல்லாரும் அவளைத் தங்கமான பொண்ணு என்றார்கள்.

மேட்டில் நான்கு முட்டை இட்டாள். ஆள்காட்டிக்குக் கூடு கட்டும் வழக்கம் கிடையாது. வெறுந்தரையில் கல்லோடு கல்லாக முட்டைகள் கிடந்தன. கோடை வெயில் கொளுத்தியது. குளத்தில் வயிற்றை நனைத்து வந்து, ஈர இறகால் முட்டைகளைக் குளிர வைப்பாள். இருபத்தைந்து நாள் இப்படிப் போயிற்று.

அப்போதுதான் கட்டையன் வந்தான். கட்டையன் ஒரு காட்டுப்பன்றி. உடம்பு பாறை அளவு இருக்கும். சோம்பல் அதைவிடக் கொஞ்சம் பெரியது.

"ஏம்மா செம்மூக்கி, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ. இனிமே நான் இந்த மேட்டு வழியாத்தான் சேத்துக்குப் போகப் போறேன்."

"முட்டை இருக்குண்ணே."

"அதுக்கென்ன, தள்ளி வச்சுக்கோ."

"முட்டைக்குக் காலா இருக்கு நடந்து போக? எனக்குக் கையா இருக்கு தூக்கி வைக்க? நீங்க சுத்திப் போங்கண்ணே. இருபதடிதான் கூட."

"இந்த வெயில்ல இருபதடியா?" கட்டையனுக்கு நிஜமாகவே மனசு புண்பட்டுவிட்டது.

"மாட்டேன்" என்றாள் செம்மூக்கி.

அட்ஜஸ்ட் வந்த நாளிலிருந்து அந்தக் காட்டில் யாரும் மாட்டேன் என்று சொன்னதில்லை. அரைமணி நேரத்தில் எல்லாரும் நாவல் மரத்தடியில் கூடிவிட்டார்கள்.

"நாலு முட்டையில ரெண்டு போனாலும் ரெண்டு இருக்குமே" என்றது மயில்.

"பெரியவர் கேக்குறார். அட்ஜஸ்ட் பண்ணிக்கோயேன்மா" என்றாள் புள்ளியம்மா. அவள் ஒரு பெண்மான். காலடியில் அவளுடைய குட்டி நின்றுகொண்டிருந்தது.

செம்மூக்கி அந்தக் குட்டியைப் பார்த்தாள். அப்புறம் புள்ளியம்மாவைப் பார்த்தாள்.

"சரிக்கா, நான் என் பிள்ளைங்களை அட்ஜஸ்ட் பண்ணிக்கிறேன். கட்டையண்ணன் எதை அட்ஜஸ்ட் பண்ணிக்குவார்? அதை யாராவது சொல்லுங்க."

எல்லாரும் தொத்தனைப் பார்த்தார்கள். அவன் தலையைச் சொறிந்துகொண்டு, "அவர் பாவம், உடம்பு பெருசு" என்றான்.

"பெரிய உடம்புக்காரருக்கு இருபதடி பெருசு. சின்ன உடம்புக்காரிக்கு நாலு பிள்ளை சின்னதா? நல்லா இருக்குய்யா உங்க நியாயம். எத்தனை தடவை எடம் மாறினேன்? அப்ப எல்லாம் சும்மா இருந்தது என் தப்புதான். இனி ஒரு விரக்கடை நகர மாட்டேன். என்னை மிதிச்சுட்டுப் போகச் சொல்லுங்க அவரை."

சொல்லிவிட்டுப் பறந்து போய் முட்டைமேல் உட்கார்ந்துகொண்டாள். "திமிரைப் பாரு" என்றார்கள் மற்றவர்கள். "காலையில தண்ணி குடிச்ச கையோட அந்த வழியாத்தான் போவேன்" என்றான் கட்டையன்.

செம்மூக்கிக்குப் பயம் இல்லாமல் இல்லை. அந்த நேரத்தில் ஒரு முட்டைக்குள்ளிருந்து டொக், டொக் என்று சின்னதாகச் சத்தம் கேட்டது. கேட்டதும் பயம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை.

மறுநாள் விடிந்தது. எல்லாரும் மரத்தடியில் வந்து காத்து நின்றார்கள். செம்மூக்கி கூப்பிடவில்லை. வெயில் ஏறியது. அப்போதும் கூப்பிடவில்லை.

"என்னம்மா, சிறுத்தையா?" என்று மேலே இருந்து மயில் கேட்டது.

"தெரியாது. இன்னைக்கு நான் சுத்தப் போகல."

"ஏன்?"

"நான் அந்தப் பக்கம் போனா இந்தப் பக்கம் ஒருத்தர் மேட்டு வழியா நடந்துருவார். அதான். கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க."

முதல் தடவையாக அந்த வார்த்தை அவர்கள் எல்லார் பக்கமும் சேர்த்துத் திரும்பி வந்திருந்தது. கேட்பதற்கு நன்றாகவே இல்லை.

"இவ கூப்பிட்டாத்தான் தண்ணியா?" என்று கட்டையன் விறைப்பாக இறங்கினான். பத்தடி போயிருப்பான். கோரைப்புல் சலசலத்தது. அவ்வளவுதான், வந்த வழியே பாய்ந்தோடிக் கள்ளிப்புதருக்குள் விழுந்தான். கோரைக்குள்ளிருந்து ஓர் உடும்பு தலையை நீட்டி, "என்னாச்சு?" என்று கேட்டது. தொத்தன் சிரித்தான். மற்றவர்களுக்கு நாக்கு வறண்டிருந்ததால் சிரிப்பு வரவில்லை.

புள்ளியம்மாவின் குட்டி காய்ந்த இலையை நக்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் செம்மூக்கிக்கு மனசு கேட்கவில்லை. பாதி எழுந்துவிட்டாள். அடியில் டொக் என்றது. மறுபடியும் உட்கார்ந்துகொண்டாள். கண் கலங்கியது, ஆனால் அசையவில்லை.

அப்போது புள்ளியம்மா குட்டியை மரத்தடியிலேயே விட்டுவிட்டுத் தனியாக இறங்கி வந்தாள். கோரைப்புல்லைப் பார்த்துப் பார்த்து அடி வைத்தாள். நேராக மேட்டுக்கு வந்து முட்டைகளுக்கு முன்னால் நின்றாள்.

"நேத்து நானும் உன்னைச் சொன்னேன். ஒரு பிள்ளையை வச்சுக்கிட்டு நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. நீ போய்ப் பார்த்துட்டு வாம்மா. நீ வர்ற வரைக்கும் இங்கே ஒருத்தரையும் விட மாட்டேன்."

பிறகு மேலே பார்த்து, "கட்டையா, நீ சுத்திப் போ" என்றாள். ஒரு கணம் கழித்து முயலும், "ஆமா, சுத்திப் போங்க" என்றது. அப்புறம் மயிலும் சொன்னது.

செம்மூக்கி எழும்பினாள். அரைச்சுற்று முடிவதற்குள் காடே அதிரக் கத்தினாள். தாழம்புதருக்குள் சிறுத்தை படுத்திருந்தது. காலையில் குரல் கேட்காததால், காவல் இல்லை என்று வந்து படுத்திருந்தது. கட்டையன் இன்னும் இருபதடி இறங்கியிருந்தால் அதன் வாயில்தான் போய் நின்றிருப்பான். அப்போதும் புள்ளியம்மா மேட்டை விட்டு ஓடவில்லை. செம்மூக்கி சிறுத்தையின் தலைக்குமேலேயே பறந்து பறந்து கத்தினாள். இடம் தெரிந்துபோன சிறுத்தைக்கு அங்கே இனி என்ன வேலை? முறைத்துவிட்டு மலைப்பக்கம் நடையைக் கட்டியது.

பிறகு, "வாங்க, வாங்க" என்ற குரல் கேட்டது. மான்குட்டிதான் முதலில் ஓடி வந்து தண்ணீரில் வாய் வைத்தது.

கட்டையன் தண்ணீர் குடித்தான். மேட்டைப் பார்த்தான். புள்ளியம்மா இன்னும் அங்கேயே நின்றுகொண்டிருந்தாள். தலையைக் குனிந்துகொண்டு சுற்றிப் போனான். இருபதடி என்று நினைத்திருந்தது பதினெட்டடிதான் இருந்தது.

இரண்டு நாளில் நான்கு முட்டையும் பொரிந்தன. பொரிந்த அன்றே ஆள்காட்டிக் குஞ்சுகள் நடக்கும். ஒரு குஞ்சு நாவல் மரத்தடி நிழலில் போய் நின்றது. தொத்தன் அங்கே வந்து, பழைய ஞாபகத்தில் சிரித்த முகமாக, "கண்ணு, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ" என்றான்.

குஞ்சு அவனை அண்ணாந்து பார்த்தது.

"சரி மாமா. நீங்க எவ்வளவு பண்ணுவீங்க?"

தொத்தன் தலையைச் சொறிந்தான். பிறகு நகர்ந்து போய் வேறு நிழலில் உட்கார்ந்துகொண்டான்.

விட்டுக்கொடு என்று கேட்கிறவர்கள் தாங்கள் எதை விட்டுக்கொடுக்கிறார்கள் என்று முதலில் சொல்லட்டும்; அதுவரை அவர்களுக்கு 'மாட்டேன்' என்பதுதான் சரியான பதில்.