ஒரு ஜாண் பாட்டு

கடல் வந்து காலைக் கழுவுற ஒரு ஊர்ல மைமூன்னு ஒருத்தி இருந்தா கண்ணு. கப்பலுக்குப் பாய் தைக்கிறவ. அளவுகோலெல்லாம் கிடையாது. கையை விரிச்சா ஒரு ஜாண், அதான் அவ கணக்கு. ம் சொல்லு.

"ம்..."

அப்போ பாரசீகத்துலேருந்து குதிரை ஏத்திக்கிட்டு ஒரு கப்பல் வந்துச்சு, பாயெல்லாம் டர்ருன்னு கிழிஞ்சு. அதுல நவீத்னு ஒரு பாட்டுக்காரன். தமிழ்ல ஒரு சொல்லு தெரியாது. பாய் தைக்க மூணு நாள். அப்புறம் வாடைக்காத்து கிளம்பினதும் கப்பல் போயிடும், திரும்பி வருமோ வராதோ.

முத நாள் சாயங்காலம் அவ எதிர்ல உக்காந்து தந்தியை மீட்டினான். டிங்... டிரிங்... அப்புறம் பாடினான் பாரு, குரல் மேல ஏறி, அங்கேயே நின்னு, புறா குமுறுற மாதிரி உடைஞ்சு உடைஞ்சு இறங்குச்சு. கப்பல்ல ஆணி அடிச்சுக்கிட்டிருந்தவன் சுத்தியலைக் கீழ வெச்சுட்டான். கனைச்சுக்கிட்டிருந்த குதிரை காதை நிமித்துச்சு. மைமூனுக்கு மேலெல்லாம் புல்லரிச்சுப் போச்சு. மனுசனுக்கு இப்படியும் ஒரு தொண்டை உண்டான்னு நினைச்சா.

ஆனா ஒவ்வொரு அடியும் "ஜான்... ஜான்..."னே முடிஞ்சுது. சரி, ஒரு ஜாண் துணி கேக்கிறான் போலன்னு கிழிச்சுக் குடுத்தா. அவன் அதைக் கண்ணுல ஒத்திக்கிட்டான்.

ரெண்டாம் நாளும் அதே பாட்டு. "ஜாண் குடுத்தா முழம் கேப்பான் போலிருக்கே"ன்னு சிரிச்சுக்கிட்டே இன்னொரு ஜாண் குடுத்தா. மூணாம் நாள் பாய்த்துணி தீந்துபோச்சு, பாட்டு தீரலை. கேக்கக் கேக்க அவளுக்குக் கண்ணு நிறைஞ்சுது, ஏன்னு தெரியலை. தன் முந்தானையிலேயே ஒரு ஜாண் கிழிச்சுக் குடுத்தா. தூங்கிட்டியா?

"ம்ஹூம்..."

மறுநாள் காலையில உஸ்ஸுன்னு வாடைக்காத்து. கப்பல் கிளம்பிடுச்சு. கரையில நின்ன குதிரை வியாபாரிக்கு ரெண்டு பாஷையும் தெரியும்.

"ஏன் மாமா, அவனுக்கு எதுக்கு அத்தனை ஜாண்?"னு கேட்டா.

"அடி பைத்தியமே, அவங்க பாஷையில ஜான்னா உயிர். உன்னைத்தான் உயிரேன்னு கூப்பிட்டிருக்கான்."

மைமூன் நிமிந்து பாத்தா. பாய்மரத்து உச்சியில அந்த மூணு துண்டும் ஒண்ணாத் தச்சு படபடன்னு ஆடுது. அவ்வளவுதான், சளக் சளக்னு தண்ணிக்குள்ள ஓடினா. அவளுக்குத் தெரிஞ்ச பாரசீகம் ஒரே ஒரு சொல்லு. அதையும் தப்பாத்தான் கத்தினா.

"ஜாண்..."

அவன் காதுல அது சரியாத்தான் விழுந்துச்சு. தொபுக்கடீர்னு கடல்ல குதிச்சான்.

அவன் கரை சேந்தான், கதையும் கரை சேந்துச்சு. ஒரு ஜாண் தள்ளிப் படு. கண்ணை மூடு, ஜான்.