வெங்கலத்தின் பொய்

கள்ளிமேட்டில் வெயிலாளை மிஞ்சி நாய் தெரிந்தவர் கிடையாது. எந்தப் பெட்டையை எந்தக் கடுவனோடு சேர்ப்பது, எந்தக் குட்டியை எந்த வீட்டில் வளர்க்க விடுவது, எல்லாம் அவள் சொல்வதுதான்.

அவளிடம் பாடம் கேட்க வந்த சிஷ்யர் திருமலைக்கொழுந்து அவளைவிடப் பதினைந்து வயது மூத்தவர். பெரிய குடும்பங்களுக்கு ஓலையில் வம்சாவளி எழுதிக் கொடுப்பது அவர் தொழில். யார் யாருக்கோ கொள்ளுத்தாத்தன் யார் என்று எழுதி அலுத்துப்போய், ஐம்பது வயதில் நாய்களின் வம்சாவளி எழுத வந்தார். ஊர் சிரித்தது. சிரிக்கட்டும். மனுசன் பன்னிரண்டு வருசமாகச் சளைக்காமல் எழுதிக்கொண்டிருந்தார்.

அந்த ஊர் நாய்கள் குட்டைக் காலும் தொங்கு காதுமாக இருக்கும். துரத்திப் பிடிக்கிற வேகம் கிடையாது. மூக்கைத் தரையோடு வைத்து முயல் போன தடத்தை மோந்துகொண்டே போகும். தடம் புதுசு என்றால் குரல் கொடுக்கும். அந்தக் குரல் வரும் திசையைப் பார்த்துத்தான் ஆட்கள் வலையை மாற்றிக் கட்டுவார்கள். முயல் தின்னாமல் விட்டுவைத்தால்தான் அங்கே பயறு வீடு வந்து சேரும். அதனால் நாயின் குரலை ஊரே நம்பியிருந்தது.

ஒரு நாள் காலையில் திருமலைக்கொழுந்து ஓலைக்கட்டோடு வந்தார். பின்னால் வெங்கலம் வந்தது. வெயிலாள் நாய்களுக்குத் தண்ணீர் வைக்கும் கல்தொட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"தாயி, ஒரு கேள்வி."

"கேளுங்க அண்ணாச்சி."

"எந்தக் கடுவனோட சேர்த்தா வெங்கலத்தோட பொய் போகும்?"

வெங்கலம் மூன்று வயதுப் பெட்டை. வெண்கலப் பானையைத் தட்டியது போலக் குரல், அதனால் அந்தப் பெயர். ஒரே ஒரு குறை. முயலே இல்லாத இடத்தில் குரல் கொடுக்கும். போன மாதம் அது குலைத்த குலைப்பை நம்பி ஆட்கள் வலையைப் பிடுங்கிக்கொண்டு மேற்கே ஓடினார்கள். முயல் கிழக்கே சாவகாசமாகப் போய்விட்டது. இனிமேல் அந்தப் பொய்க்காரியைக் காட்டுக்குக் கூட்டி வராதீர் என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்கள்.

"பொய் போகலேன்னா?" என்றாள் வெயிலாள்.

"நாளான்னைக்குச் சேவுகன் கீதாரி ஆட்டுக் கிடையோட இந்தப் பக்கம் வாராரு. அவர் கையில புடிச்சுக் கொடுத்திருவேன். இவ ஆத்தா கொலுசையும் அப்படித்தான கொடுத்தேன்." குனிந்து வெங்கலத்தின் தலையைத் தடவினார். "இவளோட இந்த வம்சம் என் வீட்ல முடியுது. பொய்யை ஊருக்குள்ள பெருக்கிட்டேன்னு பேரு வேண்டாம் பாருங்க. இவ பருவத்துக்கு வந்து எட்டு நாளாச்சு. இன்னும் நாலு நாள்தான். அதுக்குள்ள ஒரு வழி சொல்லுங்க."

"நீங்க ஒரு வழி வச்சிருப்பீங்களே."

வைத்திருந்தார். ஓலையைப் பிரித்தார்.

"ஊமையன். அவன் வாயே தொறக்க மாட்டான். இவ ஓயாமத் தொறப்பா. ரெண்டையும் சேர்த்தா நடுவுல வரும்லா?"

வெயிலாள் தொட்டியைத் தேய்ப்பதை நிறுத்தவில்லை.

"நடுவுல வராது. பாதிக் குட்டி ஊமையா வரும். பாதிக் குட்டி பொய்யா வரும். ஒண்ணு ரெண்டு, முயல் இருந்தாப் பேசாது, இல்லேன்னாப் பேசும்."

திருமலைக்கொழுந்துக்குச் சிரிப்பு வரவில்லை.

"கருப்பட்டியைப் பாத்தீங்களா?" என்றாள் அவள்.

"கருப்பட்டியா! என்ன தாயி நீங்க! அவன் கொலுசோட கூடப்பொறந்தவன். அதே வயிறு, அதே ரத்தம். இங்க பாருங்க." ஓலையில் விரலை வைத்து வரிசையாகத் தொட்டுக் காட்டினார். "இந்த வம்சத்துல ஏழு பேருக்குப் பொய். ஏழு!"

ஏழு பெயருக்குப் பக்கத்திலும் 'பொய்' என்று கீறியிருந்தது. ஏழையும் அவர்தான் மடியில் போட்டு வளர்த்தார். இருந்தாலும் கீறினார். அந்த விஷயத்தில் அவர் நேர்மையான மனுசன்தான்.

"கருப்பட்டி என் வீட்லதான் கெடக்கான். இதுவரைக்கும் ஒரு பொய் சொன்னானா?"

"சொல்லலை. ஆனா உள்ள ஒளிஞ்சிருக்கும். ரத்தம் சும்மா விடுமா?"

வெயிலாள் கையை உதறினாள்.

"நாளைக்கு விடிஞ்சதும் வாங்க. வெங்கலம் மட்டும் போதும்."

மறுநாள் அவர் வந்தபோது அவள் ஒரு சொம்போடு நின்றிருந்தாள்.

"வாய் நிறையத் தண்ணியை வச்சுக்கிடுங்க. துப்பக் கூடாது. முழுங்கவும் கூடாது."

"எதுக்கு தாயி?"

"கேள்வி உங்களது. பதில் சொல்லுத விதம் என்னது."

அவர் தண்ணீரை வாயில் ஊற்றிக்கொண்டார். கன்னம் இரண்டும் உப்பிக்கொண்டது. மூவரும் பயற்றங்காட்டைத் தாண்டிக் கள்ளிப் புதர்களுக்குள் போனார்கள்.

வெங்கலம் முன்னால் ஓடியது. ஒரு புதரை மோந்தது. தலையைத் தூக்கிக் கணீரென்று ஒரு குரல் கொடுத்தது. கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தது.

அவர் எப்போதும் அந்த இடத்தில் "அப்படிப் போடு என் ராசாத்தி!" என்று கத்துவார். காடே கேட்கிற மாதிரி கத்துவார். குட்டியிலிருந்து கொஞ்சியே வளர்த்த நாய், அந்தக் குரலைக் கேட்டால் அவருக்குப் பூரித்துப்போகும். இன்றைக்கும் தொண்டைவரை வந்தது. வாய்க்குள் தண்ணீர் இருந்தது. "ம்ம்" என்றார்.

"ம்ம்மும் கூடாது" என்றாள் வெயிலாள்.

வெங்கலம் அடுத்த புதருக்குப் போனது. அங்கேயும் குலைத்தது. திரும்பிப் பார்த்தது. மூன்றாவது புதரில் சரியாக மோந்துகூடப் பார்க்காமல் குலைத்தது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

நாய் குலைப்பதை விட்டுவிட்டு அவரிடமே வந்தது. அவர் காலடியில் உட்கார்ந்து முகத்தை அண்ணாந்து பார்த்தது. அவருக்கு என்னவோ போலிருந்தது. உன்னை நான் என்ன செய்துவிட்டேன் என்று அது கேட்பதாக அவருக்குத் தோன்றியது. கண் கலங்கிவிட்டது. தண்ணீரை மட்டும் விடவில்லை.

கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வெங்கலம் எழுந்து போனது. இந்தத் தடவை வாலை ஆட்டவில்லை. மூக்கு தரையோடு ஒட்டிக்கொண்டது. இங்கே போனது, அங்கே போனது, போன வழியே திரும்பி வந்தது. சத்தமே இல்லை. வெயில் ஏறியது. அவர் தாடை வலித்தது.

ஓடைச் சரிவில் ஒரு கிளுவைப் புதர். அதன் முன்னால் வெங்கலம் நின்றது. முன்காலைத் தூக்கியபடி ஒரே ஒரு குரல் கொடுத்தது. வழக்கமான குரல் இல்லை. சின்னதாக, அழுத்தமாக இருந்தது. குரல் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்கவில்லை.

புதரிலிருந்து முயல் பாய்ந்து போனது.

திருமலைக்கொழுந்து அத்தனை தண்ணீரையும் முழுங்கிவிட்டார். புரையேறி இருமினார். வெயிலாள் அவர் முதுகில் தட்டினாள்.

"தண்ணியில ஏதும் மந்திரிச்சீங்களா தாயி?"

"ஆமா, ஊர்க் கிணத்துத் தண்ணி. தெனமும் நீங்க குடிக்கதுதான்."

திரும்பி வரும்போது அவர் யோசித்துக்கொண்டே வந்தார். வாசல் வந்ததும் தலையை ஆட்டினார்.

"இல்ல தாயி. மனசு ஒப்பலை. ஒரு நாள் நான் பேசாம இருந்தா ரத்தம் மாறிருமா? இன்னைக்கு ஏதோ தப்பித் தவறி நடந்துபோச்சு."

அவள் வாதாடவில்லை.

"நாளைக்குக் கீதாரி வரட்டும்" என்றாள்.

கீதாரி வந்தார். ஐந்நூறு ஆடுகளை மேய்த்துக்கொண்டு ஊர் ஊராகக் கிடை போடுகிற மனுசன். தோளில் கம்பளி, கையில் கம்பு. வெங்கலத்தைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"கொலுசு மக இதுதானா? அதே கண்ணு! குடுங்கய்யா, கையோட கூட்டிட்டுப் போறேன்."

"கொலுசு எப்படி இருக்கு?" என்றார் திருமலைக்கொழுந்து. கேட்கவே அவருக்குக் கூச்சமாக இருந்தது. "ரொம்பத் தொந்தரவு குடுக்குதோ?"

"கொலுசா? நல்லா கேட்டீக! கிடைக்கு அதுதான் மகராசி. ரெண்டு வருசமா ஒரு குட்டியை நரி தொட்டதில்ல. அது வாயைத் தொறந்துச்சுன்னா நாங்க கம்பைத் தூக்கிருவோம். ஒரு தடவகூட எங்கள ஏமாத்துனது இல்ல."

"நீங்க வேற நாயைச் சொல்லுதீங்க. நான் கொடுத்தது காதுல வெள்ளைப் புள்ளி உள்ளது."

"அதத்தான் நானும் சொல்றேன்."

"இங்க அது இலை அசைஞ்சாக்கூடக் குலைக்குமே!"

"வந்த புதுசுல அங்கயும் குலைச்சுச்சு. குலைச்சுப்புட்டு எங்க மூஞ்சியப் பாக்கும். நாங்க பாட்டுக்குக் கஞ்சி குடிச்சுக்கிட்டிருப்போம். ஐந்நூறு ஆட்டைப் பாக்குறதா, அதைப் பாக்குறதா? எம்புட்டு நாளைக்குத்தான் சும்மா குலைக்கும்?"

"அடிச்சுத் திருத்தலையா?"

"வாயில்லாச் சீவன எதுக்குய்யா அடிக்க?"

திருமலைக்கொழுந்து கல்தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். வெங்கலம் வந்து அவர் பாதத்தின் மேல் படுத்துக்கொண்டது.

"கீதாரி" என்றார் கடைசியில். "கொலுசைத் திருப்பித் தாரீங்களா?"

கீதாரி இரண்டடி பின்னால் நகர்ந்தார்.

"அய்யா, உசுரக் கேளுங்க, தாரேன். கொலுசைக் கேக்காதீக. அது இப்ப எங்க புள்ள."

அவர் வெங்கலம் இல்லாமலே கிளம்பினார். ஆடுகள் ஓடையைத் தாண்டுகிற வரைக்கும் திருமலைக்கொழுந்து பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். வெயிலாள் அவரை அழ விட்டாள். நாய்களுக்குக் கூழ் கரைக்க வேண்டியிருந்தது, போய்க் கரைத்தாள்.

அவள் திரும்பி வந்தபோது அவர் கேட்டார்:

"கொலுசைக் கொடுத்த அன்னைக்கே ஏன் ஒரு வார்த்தை சொல்லலை தாயி?"

"அன்னைக்கு நீங்க கேள்வி கேட்டு வரலை அண்ணாச்சி. பொய்யின்னு எழுதி முடிச்சு, ஓலையைக் காட்டிட்டுப் போனீங்க." கூழ் ஒட்டிய கையைத் துடைத்துக்கொண்டாள். "எனக்கும் அன்னைக்கு ரத்தம்னுதான் தோணிச்சு. பொய் சொல்ல மாட்டேன். பொறவு ஒரு நாள் நீங்க வெங்கலத்தைக் காட்டுல கொஞ்சுத சத்தம் என் வாசல் வரைக்கும் கேட்டுச்சு. அப்பதான் யோசிச்சேன்."

உள்ளே கட்டிப் போட்டிருந்த கருப்பட்டி சங்கிலியை இழுத்து முனகியது. வெங்கலம் காதை நிமிர்த்தப் பார்த்தது. தொங்கு காது, நிமிரவில்லை.

"இவளை யாரோட சேர்க்கட்டும்?"

"கருப்பட்டியோட."

"ஒரே ரத்தமாச்சே."

"தாய்மாமனைக் கட்டுதது நம்ம ஊருக்குப் புதுசா?"

அவர் அழுத முகத்தோடு சிரித்துவிட்டார். மூன்று நாளில் அதுதான் முதல் சிரிப்பு. ஓலைக்கட்டைப் பிரித்து, ஒரு புது ஓலையை எடுத்து முழங்காலில் வைத்துக்கொண்டார். எழுத்தாணியையும் எடுத்தார்.

"குட்டி பொறந்தா எப்படி எழுதட்டும்?"

"தாய் பேரை எழுதுங்க. தகப்பன் பேரை எழுதுங்க. அதுக்குக் கீழ, வளத்தவர் பேரை எழுதுங்க."

"வளத்தவர் பேரை வம்சாவளியில எழுதுத வழக்கம் இல்லையே தாயி?"

"இனிமே எழுதுங்க. புது ஓலை கெடக்கட்டும். மொதல்ல பொய்யின்னு எழுதின அந்த ஏழு பேரு ஓலையை எடுங்க. அதுல இருந்து ஆரம்பிங்க."

திருமலைக்கொழுந்து பழைய ஓலைகளைப் புரட்டினார். முதல் பெயரில் எழுத்தாணியை வைத்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

காலடியில் படுத்திருந்த வெங்கலம் தலையைத் தூக்கி அவர் முகத்தைப் பார்த்தது.

அவர் வாயை மூடிக்கொண்டார்.