ராஜா உருகிய கூரை

எந்தக் காலமென்று கேட்காதீர்கள். ஆற்றுக்கு அந்தக் கரையில் மஞ்சனூர் என்றொரு நாடு இருந்த காலம். அதை விசயதரர் என்றொரு ராஜா ஆண்டார். மனுஷர் நல்லவர்தான். ஆனால் கடைசியாகக் காதில் ஊதியவர் சொன்னதே அவருக்கு வேதம். ஊதுவதற்கென்றே சபாரஞ்சிதர் என்ற அரண்மனை அதிகாரி பக்கத்தில் இருந்தார்.

ராஜாவின் பிறந்தநாள் விழா முடிந்தது. மடைப்பள்ளியில் பலகாரம் குவிந்து கிடந்தது. பத்துப் பானை வெல்லக் கமர்கட்டு. அதுபோக, யானைமேல் ராஜா உட்கார்ந்திருக்கும் சர்க்கரைப் பொம்மைகள் ஐந்நூறு. மடைப்பள்ளித் தலைவி உலகாயி அதில் ஒன்றை வண்ணார் மகள் செல்லியிடம் கொடுத்தாள். ஐந்து வயசுப் பிள்ளை எங்கே கடிக்கும்? தலையைத்தான் கடித்தது. உலகாயியின் கைமணத்தை ஊரே புகழ்வது பொறுக்காத சபாரஞ்சிதர் அதைப் பார்த்துவிட்டார்.

"மகாராஜா, தங்கள் சிரசைக் கடித்துத் தின்கிறார்கள். மடைப்பள்ளிக்காரி அதை வேடிக்கை பார்க்கிறாள்."

ராஜாவின் கை தானாகக் கழுத்தைத் தடவியது. "மிஞ்சிய இனிப்பு அத்தனையையும் குழிவெட்டிப் புதையுங்கள்" என்றார்.

உலகாயிக்கு ஆறவில்லை. மூன்று நாள் கண்விழித்துக் காய்ச்சிய பாகு அது. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நேரே சபைக்குப் போனாள்.

"புதைக்க மாட்டேன் மகாராஜா."

"என்ன சொன்னாய்?" என்றார் ராஜா.

"அத்தனையும் தங்கள் உருவம். உயிரோடு இருக்கும் ராஜாவை ஐந்நூறு முறை குழியில் இறக்க என் கை வராது. சபாரஞ்சித ஐயாவுக்கு வரும்போல. அவரையே மண்ணள்ளிப் போடச் சொல்லுங்கள்."

ராஜா திரும்பிச் சபாரஞ்சிதரை ஒரு மாதிரி பார்த்தார். அதிகாரி அவசரமாகக் குறுக்கிட்டார்.

"அப்படியானால் அவளே வழி சொல்லட்டும் மகாராஜா. மண்ணில் புதைக்கக் கூடாது, ஆற்றில் கரைக்கக் கூடாது. எந்தப் பிள்ளை நாக்கிலும் இனிப்பாகப் படக் கூடாது. பத்தாம் நாள் ஒரு துண்டுகூட மிஞ்சக் கூடாது. தவறினால் ஊரைவிட்டுப் போகட்டும்."

"சரி" என்றாள் உலகாயி. வீடு திரும்பும் வழியெல்லாம் யோசித்துக்கொண்டே போனாள்.

மறுநாள் தன் தெருப் பிள்ளைகள் முப்பது பேரையும் பள்ளிக்கூட வாசலில் கூட்டினாள். அந்தப் பள்ளிக்கூடத்துக் கூரை இரண்டு மழைக்காலமாக ஒழுகிக்கொண்டிருந்தது. கேட்கும்போதெல்லாம், "நல்ல நாள் பார்த்துச் செய்வோம்" என்பார் சபாரஞ்சிதர்.

"பொம்மையை உடைங்கடா" என்றாள் உலகாயி.

"ராஜாவையா அக்கா?" என்றாள் செல்லி.

"ராஜாவைத்தான்."

பிள்ளைகள் உலக்கையும் கல்லுமாக இறங்கினார்கள். தூளான சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து, கடுக்காய்ச் சாற்றோடு சுண்ணாம்பில் ஊற்றி மிதித்தார்கள். சர்க்கரை சேர்ந்தால் இறுகிப் பிடிக்கும் அந்தச் சாந்தை ஊர்க் கொத்தனார் கூரை விரிசலெல்லாம் பூசினார்.

கமர்கட்டுக்கு மடைப்பள்ளியிலேயே வேலை இருந்தது. பிள்ளைகளே பாகற்காய் நறுக்கினார்கள், புளி கரைத்தார்கள். நாள்தோறும் கமர்கட்டைத் தட்டிப்போட்டு அண்டா நிறையப் புளிக்குழம்பு கொதித்தது. பாகற்காயைக் கண்டால் காத தூரம் ஓடுகிற பிள்ளைகள், தாங்கள் வைத்த குழம்பென்று வழித்து வழித்துச் சாப்பிட்டார்கள்.

பத்தாம் நாள் ராஜா பள்ளிக்கூடத்துக்கு வந்தார். காலிப் பானைகளும் குழம்பு அண்டாவும் வாசலில் இருந்தன. பானைகளைக் கவிழ்த்துப் பார்த்த சபாரஞ்சிதர் பிள்ளைகளின் வாயை மோந்தார். "வெல்ல வாசனை மகாராஜா. இனிப்பைத் தின்றிருக்கிறார்கள்."

உலகாயி அண்டாவின் அடியில் கிடந்த பாகற்காயை அள்ளி இலையில் வைத்தாள். "இதைத்தான் தின்றார்கள். ஐயா நாக்கே தீர்ப்புச் சொல்லட்டும்."

மறுக்க வழியில்லாமல் அவர் வாயில் போட்டார். முகம் கோணியது. கண்ணில் நீர் முட்டியது.

"இனிக்கிறதா?" என்றார் ராஜா.

"கச... கசக்கிறது மகாராஜா."

"பிறகு உமக்கென்ன வழக்கு?" என்ற ராஜா உலகாயி பக்கம் திரும்பினார். "என் பொம்மைகள் எங்கே?"

"அண்ணாந்து பாருங்கள். பிள்ளைகளுக்காக உருகி, அவர்கள் தலைக்குமேல் கூரையாக நிற்கிறீர்கள். ஐயா நல்ல நாள் பார்க்கட்டும் என்று இரண்டு மழைக்காலம் ஒழுகிய கூரை இது; நேற்றுப் பெய்த மழையில் ஒரு சொட்டு உள்ளே விழவில்லை."

ராஜா அண்ணாந்து பார்த்தார். இரண்டு மழைக்காலம் பிள்ளைகள் நனைந்த சேதி அவர் காதுக்கு வரவேயில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. "சபாரஞ்சிதரே, பின்பக்கச் சுவர் இன்னும் பாக்கி. இன்றைக்கே நல்ல நாள்தான். இறங்கி மிதியும்" என்றார். பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அதிகாரி சுண்ணாம்புக் குழிக்குள் இறங்கினார். பிள்ளைகள் கரையில் நின்று, "இன்னும் அழுத்தி மிதிங்க" என்று கற்றுக்கொடுத்தார்கள்.

ராஜா தன் முத்துமாலையைக் கழற்றி நீட்டினார். உலகாயி கைநீட்டவில்லை.

"இது வேண்டாம் மகாராஜா. அடுத்த வருஷம் பலகாரம் ஆறும் முன்னால் முதல் பங்கு இந்தத் தெருப் பிள்ளைகளுக்கு வரவேண்டும். மிஞ்சினதைக் கொடுத்துப் பேர் வாங்குவது ராஜாவுக்கு அழகில்லை."

சபையில் எவரும் ராஜாவிடம் அப்படிப் பேசியதில்லை. அவர் மாலையைத் திரும்பக் கழுத்தில் போட்டுக்கொண்டு, "வரும்" என்றார்.

வந்தது. அடுத்த வருஷம் மட்டுமல்ல, அவர் ஆண்ட காலமெல்லாம் வந்தது.