சாட்டிலைட்டில் பெண் பார்த்த படலம்

சாய்ஞ்சான்குளம் எங்கே இருக்கிறது என்று மேப்பில் தேடாதீர்கள். மேப் போட வந்த ஆள் அந்த ஊர்க்காரர்களிடம் வழி கேட்டான். அவர்கள் சொன்ன வழியிலேயே போனான். இன்னும் போய்க்கொண்டிருக்கிறான் என்று கேள்வி.

எனக்கு அந்த ஊர்மேல் கோபதாபம் ஒன்றும் கிடையாது. என் தங்கச்சியை அங்கேதான் கட்டிக்கொடுத்திருக்கிறேன். அதனால் நான் சொல்வதில் ஒரு சொல் பொய் இருக்காது. பொய்யென்றால் இதைவிடக் கொஞ்சம் நம்பும்படியாகச் சொல்லியிருப்பேன்.

ஊருக்கு மூன்று பக்கமும் பொத்தை, அதாவது சின்னச் சின்னக் குன்று. அதனால் போனில் சிக்னல் கிடையாது. யாருக்காவது பேச வேண்டுமென்றால் மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டியின் உச்சிக்கு ஏற வேண்டும். அங்கே ஒரே ஒரு கோடு சிக்னல் எடுக்கும். அதில் குரல் மட்டும் போகும், படம் போகாது.

அந்த ஊரில் ஆவுடையம்மாள் மகள் உலகம்மாளுக்கு ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளை பெயர் ஆறுமுகநயினார். கத்தாரில் கிரேன் ஓட்டுகிறான். ஜாதகம் பொருந்திவிட்டது. இரண்டு வீட்டுக்கும் சம்மதம். மாப்பிள்ளையின் தாய்மாமன் மட்டும் கறாராக ஒன்று சொல்லிவிட்டார்.

"வெள்ளிக்கிழமை காலையில பத்து மணிக்கு வீடியோல மாப்பிள்ளை பொண்ணைப் பாப்பான். பத்தரைக்கு ராகுகாலம் பொறந்துரும். அதுக்குள்ள முகத்தைக் காட்டலேன்னா நாங்க அடுத்த ஊர்ல வேற பொண்ணு பாத்துக்கிடுவோம்."

உலகம்மாளுக்கு வயது இருபத்தெட்டு. அதற்கு முந்தின வாரம் தொட்டி உச்சியில் நின்று நயினாரோடு ஒரே ஒரு தடவை பேசியிருந்தாள். இறங்கி வந்து அம்மாவிடம் நேராகச் சொல்லிவிட்டாள்: "எம்மா, இவுக இல்லேன்னா எனக்கு வேற யாரும் வேண்டாம். இவுக கிரேன்ல இருந்தே சிரிக்காக, எனக்குத் தொட்டியே ஆடிப் போச்சு."

ஆக, வெள்ளிக்கிழமைக்குள் ஊருக்கு இன்டர்நெட் வந்தாக வேண்டும். ஊர் நாட்டாமை பூலுடையார் கூட்டம் போட்டார். டவர் இல்லாத ஊருக்கெல்லாம் சாட்டிலைட் வழியாக இன்டர்நெட் கொடுக்கிற கம்பெனிக்கு மனுப் போட்டார்கள். கம்பெனியிலிருந்து செல்வின் என்கிற பையன் செவ்வாய்க்கிழமை ஒரு டிஷ்ஷும் ஒரு பெட்டியும் கொண்டுவந்து ஊர்ச் சாவடி மொட்டை மாடியில் மாட்டினான்.

மாட்டிக்கொண்டே வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "அண்ணாச்சி, உங்களுக்கு யோகம்தான். இன்னைக்கு ஆசியா முழுக்க இன்டர்நெட்டுக்கு வரிசையில நிக்கான். தீவுல இருக்கவன், மலையில இருக்கவன், பாலைவனத்துல இருக்கவன் எல்லாவனும் கேக்கான்" என்று சொல்லித் தொலைத்தான்.

பூலுடையார் முகம் மாறிவிட்டது. "வரிசை இருக்கா? அப்ப நாம இடையில புகுந்தா தப்புல்லா? கடைசி ஆள் எங்கன நிக்கான்?"

செல்வின் விளையாட்டாக, "இந்தோனேசியாப் பக்கம்னு வச்சுக்கிடுங்களேன்" என்றான்.

இந்தோனேசியா எந்தத் திசை என்று கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். ரேஷன் கடையில் ஆள் நிற்க முடியாவிட்டால் செருப்பைப் போட்டு இடம் பிடிப்பார்கள் இல்லையா, அதே மாதிரி வீட்டுக்கு ஒரு ஜோடி செருப்பை அந்தத் திசை பார்த்து ரோட்டில் வரிசையாகப் போட்டார்கள். நாற்பத்தொரு ஜோடி. ஊர் முழுக்க வெறுங்காலோடு நடந்தது. ஒரு ஜோடியில் ஒற்றைச் செருப்பை நாய் தூக்கிக்கொண்டு போய்விட்டது. அந்த வீட்டுக்காரர் தன் இடம் பாதிதான் செல்லுமா என்று இரண்டு நாள் கவலைப்பட்டார்.

போகும்போது செல்வின் இரண்டே இரண்டு விஷயம் சொன்னான். ஒன்று, டிஷ் ஒரு நூல்கூட அசையக்கூடாது. "மேல முப்பத்தாறாயிரம் கிலோமீட்டர் உசரத்துல சாட்டிலைட் ஒரே இடத்துல நிக்கி. இது நேரா அதையே பாத்துக்கிட்டு இருக்கணும்."

இரண்டாவது, பாஸ்வேர்டு. ஊரில் நம்பிக்கையான ஆள் யார் என்று கேட்டான். எல்லோரும் வெயிலுமுத்துவைக் காட்டினார்கள். வெயிலுமுத்து வாயைத் திறந்து ஒரு ரகசியம் வெளியே வந்ததாகச் சரித்திரம் இல்லை. தன் சொந்த வயதையே இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. செல்வின் முதுகைத் திருப்பிக்கொண்டான். வெயிலுமுத்து தானே ஒரு பாஸ்வேர்டை யோசித்து ஒவ்வொரு எழுத்தாகப் பெட்டிக்குள் ஏற்றினார்.

"இதை யாருகிட்டயும் சொல்லிராதீய" என்றான் செல்வின்.

"அய்யனார் மேல சத்தியம்" என்றார் வெயிலுமுத்து.

பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. நல்ல காரியத்துக்காக வந்த சாமான், முதல் போணி உலகம்மாளுக்குத்தான் என்று சொல்லி வெள்ளிக்கிழமை வரை யாரும் அதைத் தொடவில்லை. அதாவது, இன்டர்நெட்டைத் தொடவில்லை.

புதன்கிழமை காலை பூலுடையாருக்கு ஒரு சந்தேகம் வந்தது. அவருக்குச் சந்தேகம் வந்தால் ஊருக்குக் காய்ச்சல் வந்த மாதிரி.

"வெயிலுமுத்து, பூமி சுத்துதா இல்லையாவே?"

"சுத்துதுன்னுதான் பள்ளிக்கூடத்துல சொன்னாவ."

"பூமி சுத்துனா சாவடியும் சுத்தும்லா?"

"சுத்தும்."

"சாவடி சுத்துனா டிஷ்ஷு?"

வெயிலுமுத்து எழுந்து நின்றுவிட்டார். "அய்யய்யோ, அப்ப அது நேத்துலேர்ந்து அசைஞ்சுக்கிட்டுல்லா இருக்கு!"

பெரிய விவாதம் நடந்தது. பூமியை நிறுத்துவது நம்மால் ஆகாது, அது அரசாங்கத்து வேலை என்று முடிவானது. ஆகவே பூமி எந்தப் பக்கம் சுற்றுகிறதோ அதற்கு எதிர்ப்பக்கமாக மணிக்கு ஒரு சாண் டிஷ்ஷைத் திருப்பி வைப்பது, அதற்கு வீட்டுக்கு ஒரு ஆள் முறை வைத்துக்கொள்வது என்று தீர்மானம் போட்டார்கள். சாயங்காலம் டிஷ் பொத்தையைப் பார்த்துக்கொண்டிருந்தது. பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது.

"பச்சை காயா இருந்துச்சு, இப்ப பழுத்திருக்கு" என்றார் பூலுடையார் திருப்தியாக.

ஆவுடையம்மாள் மட்டும் அதை நம்பவில்லை. தொட்டியில் ஏறி செல்வினைக் கூப்பிட்டாள். அவன் வியாழக்கிழமை வந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டான். "யோவ், சாட்டிலைட்டும் பூமிகூடவே சேந்துதான்யா சுத்துது!"

"இதை மொதல்லயே சொல்லியிருந்தா எங்களுக்கு இவ்வளவு வேலை மிச்சம்" என்று பூலுடையார் அவனைக் கடிந்துகொண்டார். அவன் டிஷ்ஷைச் சரிசெய்து, பச்சை விளக்கு வந்ததும், ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் வண்டியைக் கிளப்பினான்.

வெள்ளிக்கிழமை வந்தது. உலகம்மாள் மாம்பழக் கலர்ப் பட்டு உடுத்தி, தலை நிறையப் பிச்சிப்பூ வைத்து, ஒன்பதே முக்காலுக்கே சாவடியில் போனை எதிரே வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஊரே சுற்றி நின்றது. போனை அமுக்கினாள். பாஸ்வேர்டு என்ன என்று போன் கேட்டது.

எல்லோரும் வெயிலுமுத்துவைப் பார்த்தார்கள். வெயிலுமுத்து கூரையைப் பார்த்தார்.

"மாமா, பாஸ்வேர்டு?" என்றாள் உலகம்மாள்.

"சொல்லக்கூடாது தாயி."

"மாமா, மணி பத்தாகப் போகுது!"

"உன் கல்யாணம் நடக்கணும்னு உங்கம்மையைவிட எனக்கு ஆசை. ஆனா சத்தியம் பண்ணியிருக்கனே."

பூலுடையார் தொட்டிமேல் ஏறி செல்வினுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, கீழே நின்ற வெயிலுமுத்துவுக்குக் கேட்கும்படி போனை நீட்டிப் பிடித்தார்.

"அண்ணாச்சி, நான்தான் செல்வின் பேசுதேன். சொல்லிருங்க, ஒண்ணும் ஆகாது!"

வெயிலுமுத்து அண்ணாந்து பார்த்துச் சிரித்தார். "போன்ல பாஸ்வேர்டு கேட்டா சொல்லக்கூடாதுன்னு பேங்குலயே போர்டு வச்சிருக்கான். நீரு செல்வினோ, எவனோ, எனக்கு என்னவே தெரியும்?"

கீழே கூடி நின்றவர்கள் கை தட்டினார்கள். இப்படி ஒரு ஆள் நம் ஊரில் இருக்கிறாரே என்று அவர்களுக்குப் பெருமை. உலகம்மாளுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. மணி பத்து பத்து.

இறங்கி வந்த பூலுடையார் நெற்றியைச் சுருக்கி யோசித்தார். "யாருகிட்டயும் சொல்லக்கூடாதுன்னா, ஆளுககிட்டதானே? போன் ஒரு ஆளா?"

"ஆளு இல்ல" என்றார் வெயிலுமுத்து.

"அதுக்குச் சாதி சனம் உண்டா?"

"கிடையாது."

"அப்ப போன்கிட்ட சொல்லலாம்!"

இதைக் கேட்டு எல்லோருக்கும் உயிர் வந்தது. ஊரே திரும்பி நின்று காதைப் பொத்திக்கொண்டது. வெயிலுமுத்து போனை எடுத்துக்கொண்டு சாவடி மூலைக்குப் போய், துண்டால் மூடி, அதன் காதில், அதாவது அதற்குக் காது எங்கே இருக்கும் என்று அவருக்குத் தோன்றியதோ அங்கே, ரகசியமாகச் சொன்னார். மூன்று தடவை சொன்னார். போன் திரும்பவும் பாஸ்வேர்டு என்ன என்றே கேட்டது.

"இதுக்குக் காது மந்தம்" என்று கொண்டுவந்து கொடுத்துவிட்டார்.

"மாமா, அதுல எழுத்தா அடிக்கணும் மாமா!" என்று உலகம்மாள் அழுதாள்.

"வாயால சொல்றதே தப்புங்கான். எழுத்துல வேற குடுக்கச் சொல்லுதியா?"

மணி பத்து இருபத்தைந்து. உலகம்மாள் பட்டுச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தொட்டி ஏணியில் ஏறினாள். கத்தாருக்குப் போன் போட்டாள்.

"நான்தான் உலகம்மா. என்னால முகத்தைக் காட்ட முடியல. எனக்கு உங்களைத்தான் பிடிச்சிருக்கு. ஆனா வெயிலுமுத்து மாமா பாஸ்வேர்டு சொல்ல மாட்டேங்காவ" என்று நடந்ததையெல்லாம் தேம்பித் தேம்பிச் சொன்னாள்.

அந்தப் பக்கத்திலிருந்து நயினார் கேட்டான்: "கடைசி வரைக்கும் அவரு சொல்லவே இல்லையா?"

"சொல்லவே இல்ல."

"நான் பன்னெண்டாங்கிளாஸ் பெயிலானதை எங்கப்பா பத்து நிமிஷம் ரகசியமா வச்சிருக்கல. உலகம்மா, எனக்கு உங்க ஊரு பிடிச்சுப்போச்சு. எங்க தாய்மாமன்கிட்ட நான் பேசிக்கிடுதேன். லீவு போட்டு நானே அங்க வாரேன்."

உலகம்மாள் தொட்டி உச்சியிலிருந்து கத்திய சந்தோஷக் கத்தலில் பொத்தையில் மேய்ந்த ஆடெல்லாம் வீட்டுக்கு வந்துவிட்டது.

அதற்கிடையில் செல்வின் வந்து, இனி இந்த வம்பே வேண்டாம் என்று பாஸ்வேர்டை மாற்றினான். இந்தத் தடவை பூலுடையாரிடம் கொடுத்தான். கொடுக்கும்போது தெளிவாகச் சொன்னான்: "ஊர்ல எல்லாருகிட்டயும் இதைச் சொல்லிருங்க. அப்புறம் உபயோகிங்க."

பூலுடையார் அன்றைக்கே வீடு வீடாகப் போய்ச் சொன்னார். திருப்பூர் மில்லில் இருப்பவர்களுக்குத் தொட்டிமேல் ஏறிச் சொன்னார். பம்பாயில் இட்லிக் கடை வைத்திருப்பவருக்குக் கடிதம் போட்டார். மிச்சம் ஒரே ஒருவர். பதினாறு வருஷத்துக்கு முன்னால் வீட்டில் கோபித்துக்கொண்டு சாமியாராகிக் காசிக்குப் போனவர். எல்லாரும் என்றால் எல்லாரும்தானே? இரண்டு பேரை ரயில் ஏற்றிக் காசிக்கு அனுப்பினார்கள். அங்கே தாடி வைத்தவர்கள் நிறையப் பேர் இருப்பதாகவும், அடையாளம் தெரியாததால் ஒவ்வொருவர் காதிலும் பாஸ்வேர்டைச் சொல்லிக்கொண்டு வருவதாகவும் தகவல் வந்தது. அவர்கள் முடித்துத் திரும்பும் வரை இன்டர்நெட்டை யாரும் தொடக்கூடாது என்று உத்தரவு.

இந்த நிலைமையில்தான் நயினார் ஒரு மாச லீவில் ஊருக்கு வந்து சேர்ந்தான். பஸ்ஸிலிருந்து கண்டக்டர் கையைப் பிடித்து இறக்கிவிட்டார். மாப்பிள்ளை கண்ணைச் சுற்றித் துண்டு கட்டியிருந்தது.

"கண்ணுல என்ன மாப்ளே, வலியா?" என்று பதறினார் பூலுடையார்.

"வலி ஒண்ணும் இல்ல. முதல்ல போன்ல பாரு, பிடிச்சிருந்தா மட்டும் நேர்ல பாருன்னு தாய்மாமன் சொல்லியிருக்காரு. போன்ல இன்னும் பாக்கலையே?"

நியாயம்தான் என்று ஊரே தலையை ஆட்டியது.

ஆவுடையம்மாள் வீட்டில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். எதிரே உலகம்மாள் உட்கார்ந்தாள். நடுவில் போன். இன்டர்நெட் வரட்டும் என்று காத்திருந்தார்கள். காத்திருக்கும்போது சும்மா இருக்க முடியாதே, பேசினார்கள். கல்யாணத்துக்கு எந்த மாசம், தாலி என்ன மாடல், கத்தாரில் வீடு எப்படி, பிறக்கப் போகிற முதல் பிள்ளைக்கு என்ன பெயர் என்று எல்லாம் பேசி முடித்தார்கள். அவள் ஊட்டிவிட்டால் அவன் சாப்பிட்டான். நான் தங்கச்சி வீட்டுக்குப் போன அன்று இதை என் கண்ணால் பார்த்தேன். முகத்தைப் பார்ப்பது ஒன்றுதான் பாக்கி.

லீவு முடிந்தது. காசிக்குப் போனவர்கள் இன்னும் இரண்டு படித்துறை பாக்கி என்றார்கள். உலகம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இப்ப என்ன செய்ய?" என்றாள்.

நயினார் ரொம்ப நேரம் யோசித்தான். துண்டுக்குப் பின்னால் யோசிப்பது வெளியே தெரிந்தது.

"ஒண்ணு செய்யலாம். கத்தார்ல எங்க ரூம்ல வைஃபை சும்மா பறக்கும். நான் அங்க போயிருதேன். அங்கேர்ந்து உன்னை நல்லாப் பாத்துக்கிடுதேன். இங்க இருந்தா எப்படிப் பாக்க முடியும்?"

"வெளிநாட்டுல இருந்த பிள்ளைன்னா சும்மாவா!" என்று பூலுடையார் அசந்துபோனார்.

மறுநாள் ஊரே திரண்டு வழியனுப்பியது. மாப்பிள்ளைக்குக் கண் தெரியாதே, உலகம்மாள்தான் அவன் கையைக் கெட்டியாகப் பிடித்து பஸ் ஸ்டாப்பு வரை கூட்டிப்போய், படி பார்த்து ஏற்றி, ஜன்னல் சீட்டில் உட்காரவைத்து, வேர்த்த முகத்தை முந்தானையால் துடைத்துவிட்டாள். "போன உடனே என்னைப் பாருங்க" என்றாள். "பின்ன, அதுக்குத்தானே போறேன்" என்றான் அவன். பஸ் கிளம்பியதும் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, எதிர்ப்பக்கம் நின்ற கரண்ட் டிரான்ஸ்பார்மருக்கு, அது கண்ணுக்கு மறையும் வரை டாட்டா காட்டிக்கொண்டே போனான்.