லென்ஸ் மூடிக்கு ஒரு மூடி

ஆண்டவன் மூளையைப் பங்கு வைத்த அன்று ஆவுடையப்பன், மாசானம், சுடலை மூவரும் வேறெங்கோ பந்தியில் உட்கார்ந்திருந்தார்கள் போலிருக்கிறது. அந்த அண்ணன் தம்பிகள்தான் எங்கள் ஊரில் போட்டோ ஸ்டுடியோ நடத்தினார்கள்.

தங்கை செண்பகத்துக்குக் கல்யாணம் வந்தது. அப்பா சொரிமுத்து கப்பலில் சமையல்காரர்; லீவு கிடைக்கவில்லை. பாவம், போனிலேயே அழுதுவிட்டார்.

“தாலி கட்டுத படம் ஒண்ணு அனுப்புங்கலே, போதும். ஆனா லென்ஸுல புகை, அட்சதை பட்டுரக் கூடாது. மூடியைக் கழத்தவே கழத்தாதிய. தொலைச்சிராதிய!”

“மூடியோட எடுத்தா இருட்டால்லா விழும்?” என்றான் மாசானம்.

ஆவுடையப்பன் ரொம்ப நேரம் யோசித்தான். “அப்பா சொல்லைத் தட்டக் கூடாது. மூடி இருக்கட்டும். நடுவுல ஓட்டை போடுவோம்.”

போட்டார்கள். மூடியைப் பசை வைத்து ஒட்டியும் விட்டார்கள்.

“ஓட்டை வழியா புகை போகாதா?” என்று கேட்டான் சுடலை.

அதுவும் நியாயம்தான். ஓட்டைக்கு ஒரு சின்ன மூடி செய்தார்கள். அப்பா பெரிய மூடியைத்தான் கழற்றக் கூடாது என்றார், சின்னதைக் கழற்றலாம் என்று தீர்ப்பானது. அப்பாவிடம் சொன்னபோது, “எம்புள்ளைகளுக்கு என் மூளைலே!” என்று பூரித்துப் போனார்.

முகூர்த்தம். கெட்டிமேளம் முழங்கியதும் மாசானம் சின்ன மூடியைக் கழற்றி, அட்சதை வைத்திருந்த அதே கையில் வைத்துக்கொண்டான். எல்லோரும் தூவினார்கள். அவனும் தூவினான்.

“அண்ணே, மூடி போச்சு!”

மாப்பிள்ளை முதல் முடிச்சைப் போட்டுக்கொண்டிருந்தார். ஆவுடையப்பன் கேமராவைக் கீழே இறக்கினான்.

“படத்தை எடுண்ணே, பொறவு தேடலாம்,” என்றான் சுடலை.

“மூடியே தொலைஞ்சிருக்கு, படம் ஒரு கேடாலே? அப்பா என்ன சொன்னாவ?”

மூவரும் மணமேடையில் தவழ்ந்து தேடினார்கள். பெண் தலை நிமிரவே இல்லை. என்ன வெட்கம் என்று சனம் மெச்சியது. அவள் பார்த்துக்கொண்டிருந்தது அண்ணன்மாரை.

மூன்றாம் முடிச்சு விழுந்து மேளமும் நின்ற பிறகு, மாப்பிள்ளையின் வேட்டி மடிப்பில் மூடி அகப்பட்டது. மூவருக்கும் போன உயிர் திரும்பி வந்தது. அப்பா கவலைப்படுவாரே என்று மூடியை வாழையிலையில் வைத்து, நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்து உடனே அனுப்பினார்கள்.

நடுக்கடலிலிருந்து அப்பா கூப்பிட்டார். 

“படம் கண்ணாடி மாதிரி இருக்குலே. ஆனா ஒண்ணு சொல்லுங்க. சின்ன மூடி இலையில இருக்கே, அப்ப ஓட்டையை எதை வச்சுலே மூடியிருந்திய?”