காஞ்சொறிக்குக் கொடுக்கு வந்த கதை

செடியும் பூச்சியும் மனுஷரோடு வாய் கொடுத்துப் பேசிய அந்தக் காலத்தில், காஞ்சொறியின் இலை கன்றுக்குட்டிக் காது மாதிரி மெத்தென்று இருந்தது. தேனெடுக்கப் போய்ப் பாறையிலிருந்து விழுந்த கெம்பனுக்கு அந்த இலைக் கஷாயம்தான் மருந்து. மடங்கிக் கிடந்த கால் மெல்ல நீள ஆரம்பித்திருந்தது.

ஒருநாள் அவன் பெண்டாட்டி நஞ்சி இலை பறிக்கப் போனால், காஞ்சொறி வளர்ந்த சரிவே மொட்டை. மிச்சம் ஒற்றைச் செடி. அதன் பக்கத்தில் கடமான் அசைபோட்டுக்கொண்டு நின்றது.

"ஏ தின்னிப்பயலே! மலை முழுக்கப் புல்லு கெடக்கு, இதுதான் கெடச்சுதா உனக்கு?"

"நாக்குக்கு இதமா இருக்கே. உன் புருஷன் எந்திரிச்சா என்னைத்தானே வேட்டையாட வருவான்?"

நஞ்சி அங்கேயே குந்தி அழுதாள்.

"அழாதே நஞ்சி," என்றது காஞ்சொறி. "என்னை வேரோட பிடுங்கிட்டுப் போ. இன்னைக்கு ஒரு வேளையாவது அவன் குடிக்கட்டும்."

தன்னையே தருகிறேன் என்கிறதே, இந்தச் சின்னச் செடி! ஆனால் கடைசிச் செடியை அவள் சனங்கள் பிடுங்குவதில்லை. நாளைக்குக் கெம்பனுக்கு என்ன கொடுப்பது? அண்ணாந்து, மேலே பாறையில் கூடு கட்டியிருந்த தேனீக்களைக் கூப்பிட்டாள்.

"ஆத்தாமாரே, உங்க கொடுக்கை இதுக்குக் குடுங்க, கடமான் வாய் வைக்காம இருக்கட்டும்."

"எங்க வீட்டுக்குப் புகை போட்டவன் பெண்டாட்டி நீ. நல்லா கேட்டே போ!"

"அவனுக்காகக் குடுக்க வேண்டாம். தன் உசுரையே எடுத்துக்கோன்னு சொல்லுதே, இதுக்குக் குடுங்க."

தேனீக்கள் செடியைச் சுற்றிச் சுற்றி வந்தன. அந்தி வந்தால் செத்துவிழப் போகிற கிழத் தேனீக்கள் முன்னால் இறங்கின.

"தரோம். ஆனா கொடுக்குக்கு ஆள் அடையாளம் தெரியாது. உன்னையும் குத்தும்."

"குத்தட்டும்," என்றாள் நஞ்சி.

இலையெங்கும் கொடுக்கை ஊன்றிவிட்டு அவை அங்கேயே உதிர்ந்தன. வாய் வைத்த கடமான் உதடு வீங்கி ஓடியது. நஞ்சி இரண்டே இலை கிள்ளினாள். கை தீயாய் எரிந்தது. குடிசைக்குள் நுழைந்ததும் கெம்பன் பதறினான்.

"என்னடி, கை இப்படி வீங்கியிருக்கு?"

"உன் மருந்துக்கு ரோஷம் வந்திருச்சு," என்று சிரித்துக்கொண்டே உலையில் போட்டாள். கொதித்த நீரில் கொடுக்கு கரைந்து, இலை பழையபடி மெத்தென்று ஆனது.

விதை விழுந்து அடுத்த மழையில் சரிவெல்லாம் பச்சை. கெம்பன் தடியூன்றி வந்து, தன் கையாலேயே கிள்ளி, "அம்மாடி!" என்று கத்தினான்.

அன்றைக்குத் தொடங்கியதுதான்: காஞ்சொறி வேண்டியவர், வேண்டாதவர் பார்ப்பதில்லை; நோயாளிக்குக் கஷாயம் ஆறுவதற்குள், பறித்தவர் கையை ஊதிக்கொண்டு நிற்கிறார்.