வரைபடத்தில் ஒரு புள்ளி

"டீச்சர், இந்தப் புது வரைபடம் ஒன்பது நாளானாலும் வந்து சேராது," என்றார் சவரிமுத்து.

ஒரு சின்னத் தீவில் கடல் வரைபடத்தைப் பார்த்துக்கொள்பவர் அவர். வயது ஐம்பத்தெட்டு. எதிர்க்கரையில் வரைபட அலுவலகத்தில் இருந்துகொண்டு ரேடியோ வழியாக அவருக்குக் கணினி கற்றுக்கொடுத்தவள் தாஜுன்னிசா. அவர் வயதில் பாதி.

கடலடியில் புதிதாக ஒரு மணல்திட்டு எழும்பியிருந்தது. மறுநாள் படகுகள் கிளம்பும். அவை சவரிமுத்துவிடம்தான் படத்தை வாங்கிக்கொண்டு போகும். திட்டைக் காட்டும் புதிய படமோ மலைபோல் பெரிய கோப்பு. தீவின் இணையமோ நூலிழை.

முழுவதும் வேண்டாம் என்றாள் அவள். மாறிய இடங்களை மட்டும் சொல்லும் சிறிய பேட்ச் ஒன்றை அனுப்பினாள். அவரிடமுள்ள பழைய படத்தோடு அது சேர்ந்தால் புதிய படம் வந்துவிடும்.

நாலு நிமிஷத்தில் வந்தது.

சேரவில்லை.

"பழசு பழசாவே இருந்தாத்தான் இது சேரும், அண்ணாச்சி. எதைத் தொட்டீங்க?"

எதையும் தொடவில்லை என்றார்.

ரேடியோவில் காற்றின் இரைச்சல் மட்டும். வெளியே வெயிலும் நீரும் ஒன்றாகக் கலந்து, தீவே மெல்ல மிதந்து போவதுபோல் இருந்தது.

அவள் காத்திருந்தாள்.

"ஒரு புள்ளி வச்சேன்," என்றார் கடைசியில்.

மூன்று வருஷத்துக்கு முன் அவர் தம்பியின் படகு மூழ்கிய இடம். உடல் கிடைக்கவில்லை. கல்லறையும் இல்லை. தினமும் அந்தப் புள்ளியைப் பார்த்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவார்.

"எடுத்துடுங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நாளைக்குப் போகப்போகும் படகுகளை நினைத்தார். ஒவ்வொன்றிலும் யாரோ ஒருவருடைய தம்பி.

அழித்தார்.

பழைய படம் பழையபடி ஆனது. பேட்ச் சேர்ந்தது. தூங்கும் கடற்பசுவைப்போல மணல்திட்டு திரையில் மெல்ல எழுந்தது.

புதிய படத்தைப் படகுக்காரர்களுக்கெல்லாம் கொடுத்து முடித்தார். பிறகு, புள்ளியைத் திரும்ப வைத்துக்கொள்ளலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

வைக்கலாம், ஆனால் அந்த ஒரு மாற்றத்தைப் பேட்சாக்கித் தனக்கு அனுப்ப வேண்டும் என்றாள்.

முதன்முறையாக அவரே ஒரு பேட்ச் செய்தார். விரலை எடுப்பதற்குள் அது கரை சேர்ந்துவிட்டது.

"வந்துடுச்சு, அண்ணாச்சி. இனிமே எல்லார் படத்துலயும் இது இருக்கும். பேர் என்னன்னு எழுத?"

மூன்று வருஷமாக அவர் வாயில் வராத பேர்.

"இன்னாசி," என்றார்.